பாஸ்டனில் அக்கா, கெர்ரியில் தங்கை: ஒரு கடிதம் கடல் கடந்த விதம்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாவல் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: 1880களில் அயர்லாந்தின் கெர்ரி பகுதியிலிருந்து ஒரு பெண் பாஸ்டனுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். தங்கை ஊரிலேயே இருக்கிறாள். இரண்டு பேரும் எப்படித் தொடர்பு வைத்திருப்பார்கள்? கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? எழுதப் படிக்கத் தெரியாவிட்டால்? மறுபடி சந்தித்திருப்பார்களா?

நேரடியான பதில்: கடிதம் மூலம்தான். கெர்ரியின் ஒரு கிராமத்துக்கும் பாஸ்டனுக்கும் இடையே அந்தக் காலத்தில் ஒரு கடிதம் போய்ச் சேரப் பத்து நாளிலிருந்து பதினைந்து நாள். கேட்டதற்குப் பதில் கையில் வர ஒரு மாதம். அப்புறம், கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அந்தத் தங்கை ஊரிலேயே இருந்துவிடுவாள் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? நான்கைந்து வருடத்தில் அக்கா வாங்கி அனுப்பிய கப்பல் சீட்டோடு அவளும் பாஸ்டனில் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஊரில் தங்கியவள் என்றால், அவள் ஏன் தங்கினாள் என்பதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். உங்கள் நாவலின் உயிர் அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அக்கா ஏன் போனாள் என்பது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து தொடங்கிய பெரும் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேராவது நாட்டை விட்டுப் போனார்கள். 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1901இல் 45 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. பஞ்சம் முடிந்தும் ஆட்கள் போவது நிற்கவில்லை, ஏனென்றால் பஞ்சம் குடும்ப அமைப்பையே மாற்றிவிட்டது. முன்பு நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். பிறகு ஒரு மகனுக்கு மட்டும் நிலம், ஒரு மகளுக்கு மட்டும் வரதட்சணை என்று ஆயிற்று. ஆமாம், அங்கேயும் வரதட்சணைதான். கல்யாணம் பேசி முடிக்கும் தரகர்கூட உண்டு. மூன்றாவது, நான்காவது பெண்ணுக்கு ஊரில் வைத்துக் கொடுக்க எதுவும் இல்லை. 1879இல் மறுபடி கிழங்கு விளைச்சல் பொய்த்தபோது மேற்குக் கரையில் கப்பல் ஏறியவர் எண்ணிக்கை எகிறியது.

ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் முதலில் போனார்கள், அல்லது குடும்பமாகப் போனார்கள். அயர்லாந்திலிருந்து மட்டும் பாதிக்குப் பாதி பெண்கள் போனார்கள், அதிலும் கல்யாணமாகாத, இருபதை ஒட்டிய வயதுப் பெண்கள் தனியாகப் போனார்கள். அப்பாவோ அண்ணனோ துணைக்கு இல்லை. அங்கே போய் இறங்கினால் வரவேற்க ஒரு அக்கா, ஒரு சித்தி, பக்கத்து வீட்டுப் பெண். பெண்கள் பெண்களை இழுத்துக்கொண்ட சங்கிலி அது, அதன் கண்ணிகள் கடிதங்கள்.

அக்கா புறப்படும் முந்தைய இரவை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு ஊரார் ஒரு இரவு முழுக்க விழித்திருப்பார்கள். ‘அமெரிக்கன் வேக்’ என்று பெயர். வேக் என்பது செத்தவர் உடலை நடுவில் வைத்து இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் சடங்கு. உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு அதையே செய்தார்கள். ஆட்டமும் உண்டு, பாட்டும் உண்டு. விடியும் நேரத்தில் வயதான பெண்கள் ஒப்பாரி எடுப்பார்கள். கெர்ரியின் டிங்கிள் தீபகற்பத்துக்கு 1891 வரை ரயில் கிடையாது. ஆகவே உங்கள் கதாபாத்திரம் வண்டியிலோ நடந்தோ டிராலி என்ற ஊர் வரை வந்து, அங்கே ரயில் ஏறி, குயின்ஸ்டவுன் துறைமுகம் போயிருப்பாள். இன்றைக்கு அந்த ஊரின் பெயர் கோவ். ஊரார் ஒரு முச்சந்தி வரை கூட வந்து அங்கே நின்றுவிடுவார்கள்.

சரி, பாஸ்டனுக்கு வருவோம்.

வீட்டு வேலைக்காரிக்கு அங்கே சாப்பாடும் படுக்கையும் போக வாரம் மூன்றிலிருந்து நான்கு டாலர் கூலி. அறை பெரும்பாலும் மேல்மாடியில், கூரைச் சரிவுக்கு அடியில். வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை என்பதால் ஆலையில் வேலை செய்கிறவளைவிட இவள் கையில் காசு மிஞ்சும். ஊருக்குப் பணம் அனுப்புவதில் ஐரிஷ் வேலைக்காரப் பெண்கள் பேர் எடுத்ததற்கு இதுதான் காரணம். விடுமுறை என்பது வியாழக்கிழமை மதியத்துக்கு மேல், அப்புறம் ஒரு வாரம் விட்டு ஒரு ஞாயிறு. கடிதம் எழுத, வங்கிக்கோ கப்பல் முகவரிடமோ போக, ஊர்க்காரப் பெண்களைப் பார்க்க எல்லாம் அந்த வியாழன் மதியம்தான். உங்கள் நாவலில் கடிதக் காட்சி எழுதினால் வியாழக்கிழமையில் வையுங்கள், அல்லது பாத்திரம் கழுவி முடித்த பிறகு சமையலறை மேசையில் விளக்கு வைத்து எழுதுவதாக வையுங்கள்.

தபால் செலவு பெரிய தடையாக இல்லை. இது முக்கியம், ஏனென்றால் பஞ்ச காலத்தை வைத்து எழுதினால் கணக்கே வேறு. 1849இலிருந்து 1867 வரை அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதத்துக்கு 24 சென்ட், அயர்லாந்திலிருந்து ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. ஊரில் கூலியாளின் ஒரு நாள் கூலியே அவ்வளவுதான், பல இடங்களில் அதற்கும் குறைவு. அதனால் தாளை மிச்சம் பிடிக்க, எழுதிய பக்கத்தையே திருப்பி, குறுக்கே இன்னொரு முறை எழுதினார்கள். பார்த்தால் வலை பின்னியது போல இருக்கும். 1868இல் கட்டணம் 12 சென்ட் ஆனது, 1870இல் 6 சென்ட். பன்னாட்டு அஞ்சல் உடன்படிக்கை வந்த பிறகு 1875இல் அமெரிக்காவில் 5 சென்ட், அயர்லாந்தில் இரண்டரை பென்னி. ஆக உங்கள் அக்கா அரை நாள் கூலியில் ஐந்தாறு ஸ்டாம்பு வாங்கலாம்.

வேகமும் அப்படித்தான். பாய்மரக் கப்பல் காலத்தில் அட்லாண்டிக்கைத் தாண்ட ஐந்து, ஆறு வாரம். 1840இல் கியூனார்ட் நிறுவனத்தின் நீராவிக் கப்பல் தபாலோடு பாஸ்டனுக்கு ஓடத் தொடங்கியது. 1859இலிருந்து பெரிய கப்பல்கள் குயின்ஸ்டவுனில் நின்று ஆளும் தபாலும் ஏற்றின. 1880களில் நல்ல கப்பல் ஏழெட்டு நாளில் கடலைக் கடந்துவிடும். மிச்சம் ரயிலும் தபால்காரர் காலும்.

எழுதப் படிக்கத் தெரியுமா என்பதற்கு இப்போது வருகிறேன். 1841இல் அயர்லாந்து மக்களில் பாதிக்கு மேல் எழுத்தறிவு இல்லாதவர்கள். 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் அதை மாற்றின. 1911 வாக்கில் எட்டில் ஒருவர் என்ற அளவுக்கு அது குறைந்தது. 1865ஐ ஒட்டிப் பிறந்த உங்கள் கதாபாத்திரம் சில வருடமாவது பள்ளிக்குப் போயிருப்பாள். அவளுடைய அம்மா போயிருக்க மாட்டாள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் எளிதில் யோசிப்பதில்லை. மேற்குக் கெர்ரியில் வீட்டு மொழி ஐரிஷ். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது ஆங்கிலம். ஐரிஷ் பேசத் தெரிந்த பிள்ளைக்கு ஐரிஷ் எழுதத் தெரியாது. அக்காவும் தங்கையும் பிறந்ததிலிருந்து ஐரிஷிலேயே பேசி, சண்டை போட்டு, ஒரே படுக்கையில் படுத்து வளர்ந்தவர்கள். பிரிந்த பிறகு ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதோ பள்ளி ஆங்கிலத்தில். தங்கை அந்தக் கடிதத்தை அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள், படிக்கப் படிக்க அம்மாவுக்கு ஐரிஷில் மாற்றிச் சொல்கிறாள். அக்காவின் வார்த்தை தங்கையின் வாய் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது. வேண்டாததை அவள் சொல்லாமல் விடலாம். உடம்புக்கு முடியவில்லை என்று அக்கா எழுதியதைத் தாண்டிப் போய்விடலாம். இரண்டு பேருக்கும் நடுவில் இப்படி ஒரு ரகசிய அறை உண்டாகிறது.

படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இல்லையென்றால் பள்ளி ஆசிரியர் படிப்பார், இல்லாவிட்டால் பங்குச் சாமியார், அதாவது ஊர்த் தேவாலயத்தின் குரு, படிப்பார். அப்போது ரகசியம் எதுவும் எழுத முடியாது. கடிதம் என்பது ஊர்ச் சொத்து. ‘அமெரிக்கக் கடிதம்’ வந்திருக்கிறது என்றால் அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், ஏனென்றால் அதற்குள் அவர்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி இருக்கும். இன்னார் மகளைக் கோயிலில் பார்த்தேன், நன்றாக இருக்கிறாள், இன்னாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எழுதுகிறவளுக்கும் இது தெரியும். தெரிந்துதான் எழுதுவாள்.

கடிதத்தின் தொடக்கம் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே அச்சு: இந்தக் கடிதம் உங்களை நலமாகக் காணும் என்று நம்புகிறேன், ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நான் நலம். நம் பெரியவர்கள் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்குவார்களே, அதேதான். பழகிய வாய்ப்பாடு கையைப் பிடித்து முதல் வரியைத் தாண்ட வைக்கும். அடுத்து வருவது பணம். எவ்வளவு, யாருக்கு எவ்வளவு, எதற்கு. ஒரு பவுண்டுக்கு அன்று 4 டாலர் 86 சென்ட். உங்கள் அக்கா கிறிஸ்துமஸுக்கு இரண்டு பவுண்டு அனுப்புகிறாள் என்றால் அது அவளுக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரக் கூலி. வங்கி வரைவோலையாக மடித்து உள்ளே வைப்பார்கள். 1870களில் இரண்டு நாட்டுக்கும் இடையே மணியார்டரும் வந்துவிட்டது. டிசம்பரில் வரும் கடிதத்தில் பணம் இருக்கும் என்பது ஊரில் எல்லோரும் எதிர்பார்த்த ஒன்று. குத்தகைப் பணம், கடைக் கடன், சின்னப் பிள்ளைக்குச் செருப்பு எல்லாம் அதில்தான் அடையும். அந்தப் பணத்தால்தான் நிலக்காரனிடமிருந்து தப்பித்த குடும்பங்கள் நிறைய.

கதையை நியூயார்க்கில் வைத்தால் இன்னொரு தங்கச் சுரங்கம் கிடைக்கும். ஐரிஷ் குடியேறிகளுக்காக 1850இல் தொடங்கிய எமிகிரன்ட் சேமிப்பு வங்கி அங்கே இருந்தது. கணக்கு வைத்த பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆளை அடையாளம் காண என்ன வழி? ஒரு பேரேட்டில் அவர்கள் சொந்த விவரத்தை எழுதி வைத்தார்கள்: எந்த ஊர், எந்தப் பங்கு (தேவாலய வட்டாரம்), எந்தக் கப்பலில் எப்போது வந்தாள், அப்பா அம்மா பெயர், கூடப்பிறந்தவர் எத்தனை பேர், யார் எங்கே. பணம் எடுக்க வரும்போது அதிலிருந்து கேட்பார்கள். அந்தப் பேரேடுகள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. தன் பணத்தை எடுக்க ஒருத்தி வங்கி மேசைக்கு முன்னால் நின்று, ஊரில் விட்டு வந்த தங்கையின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும்.

கடிதத்தோடு வேறு பொருள்களும் பயணம் செய்தன. பழைய செய்தித்தாளைச் சுருட்டித் தபாலில் போடுவது மலிவு. எழுத நேரமில்லாவிட்டால் பேப்பரையாவது அனுப்பினால் ஆள் நலம் என்று அர்த்தம். ஊரிலிருந்து மார்ச் மாதம் புனித பாட்ரிக் திருநாளுக்குக் ஷாம்ராக் என்ற மூவிலைச் செடியைக் கொஞ்சம் பிடுங்கி உறைக்குள் வைப்பார்கள். பாஸ்டனிலிருந்து புகைப்படம் வரும். ஸ்டுடியோவில் நின்று, தொப்பி, கையுறை, இறுக்கமான ரவிக்கை, இடுப்பில் கடிகாரச் சங்கிலி. ஊரில் தலையில் சால்வை போட்டுத் திரிந்த பெண்ணா இது என்று ஊரே கைமாற்றிப் பார்க்கும். அந்தப் படத்தைப் பார்த்த தங்கை அடுத்த வருடம் தானும் போகவேண்டும் என்று நினைத்ததில் ஆச்சரியம் என்ன?

எழுதாமல் விட்டவை தனிக்கதை. வேலை போனது, எஜமானி திட்டியது, இருமல் நிற்காதது, ஏமாற்றப்பட்டுக் கர்ப்பமானது எதுவும் எளிதில் கடிதத்துக்குள் வராது. ஆகவே ஒரு கடிதத்தில் பணமும் இல்லை, விளக்கமும் இல்லை என்றால் தங்கை அதை வைத்தே கணக்குப் போடுவாள். சாவுச் செய்திக்குக் கறுப்புக் கரை போட்ட உறை. அதைத் தபால்காரர் கையில் தூரத்திலிருந்து பார்த்தாலே போதும்.

எல்லாவற்றையும்விட மோசமானது கடிதம் நின்றுபோவது. வேலை மாறினால் முகவரி மாறும், ஏனென்றால் அவள் முகவரியே எஜமானர் வீடுதான். பழைய எஜமானி கடிதத்தைத் திருப்பி அனுப்பாவிட்டால் அங்கேயே இழை அறுந்தது. அதற்காகத்தான் பாஸ்டன் பைலட் என்ற கத்தோலிக்க வாரப் பத்திரிகையில் ‘காணாமற்போன நண்பர்கள்’ என்று ஒரு பகுதி வந்தது. 1831இலிருந்து 1921 வரை, தொண்ணூறு வருடம். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விளம்பரங்கள். பாஸ்டன் கல்லூரி அவற்றைத் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் நான்கைந்து வரி: இன்னார், இந்தக் கவுண்டி (மாவட்டம்), இந்தப் பங்கு, இந்த வருடம் கப்பலில் வந்தாள், கடைசியாகக் கேள்விப்பட்டபோது இந்த ஊரில் இருந்தாள், தகவல் தெரிந்தால் அவள் சகோதரிக்குத் தெரிவிக்கவும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஐம்பது விளம்பரம் படியுங்கள். எந்த வரலாற்றுப் புத்தகமும் தராததை அது தரும்.

இன்றைக்கு நமக்குக் கிடைக்கும் கடிதங்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்கு வந்தவை. கோல்வே பல்கலைக்கழகம் ‘இமிர்கே’ என்ற பெயரில் ஏழாயிரம் கடிதங்கள் அளவுக்கு இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. இமிர்கே என்றால் ஐரிஷில் இடம்பெயர்வு. அதைப் படித்தால் பேச்சின் ஒரு பக்கம் மட்டும் காதில் விழுவது போல இருக்கும். வீட்டில் இருந்தவர்கள் அமெரிக்கக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். மாடியறையில் ஒரு தகரப் பெட்டியோடு வீடு வீடாக மாறியவளிடம் தங்கையின் கடிதங்கள் எத்தனை மிஞ்சும்? செத்த பிறகு அந்தப் பெட்டியை யார் திறந்தார்கள்? அதனால் தங்கையின் குரலை நீங்கள்தான் எழுத வேண்டியிருக்கும். பசு கன்று போட்டது, கிழங்கு எப்படி, யார் செத்தார்கள், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அவள் எழுதியிருப்பாள். அக்காவின் பதில் கடிதங்களில் கேட்கப்படும் கேள்விகளிலிருந்து அதை ஊகிக்கலாம்.

தந்தியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கதை கெர்ரியில் நடக்கிறது. அட்லாண்டிக்கின் அடியில் போட்ட முதல் நிலையான தந்திக் கம்பி 1866இல் கெர்ரியின் வாலன்ஷியா தீவிலிருந்துதான் இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போனது. தொடக்கத்தில் 20 சொல் அனுப்ப 20 பவுண்டு. வாரம் மூன்றரை டாலர் வாங்குகிறவளுக்கு அது அரை வருடக் கூலிக்கு மேல். 1880களின் இறுதியில் ஒரு சொல் ஒரு ஷில்லிங் என்ற அளவுக்கு இறங்கியபோதும், வேலைக்காரப் பெண் தந்தி கொடுப்பாள் என்று எழுதாதீர்கள். லண்டன் பங்குச் சந்தையின் விலைகள் அவள் ஊர்க் கரையிலிருந்து நிமிடங்களில் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் அம்மா செத்த செய்தி பன்னிரண்டு நாள் கழித்து வந்தது.

இனிக் கப்பல் சீட்டு. குயின்ஸ்டவுனிலிருந்து கீழ்த்தளத்தில் மலிவு வகுப்புப் பயணத்துக்கு 20இலிருந்து 30 டாலர். அக்கா பாஸ்டனில் கப்பல் முகவரிடம் கட்டி, தங்கை பெயரில் சீட்டு எடுத்துத் தபாலில் அனுப்புவாள். ரொக்கம் அனுப்பாமல் சீட்டாக அனுப்புவதில் ஒரு நன்மை, அது வேறு செலவில் கரையாது. அப்பா அதை வைத்துக் குத்தகை கட்டிவிட முடியாது. வந்து சேர்ந்த தங்கை வேலை கிடைத்ததும் முதலில் அக்காவின் கடனை அடைப்பாள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது தங்கைக்குச் சீட்டு எடுப்பார்கள். 1893இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, கப்பல் பயணிகள் பட்டியலில் புதுக் கேள்விகளைச் சேர்த்தது: பயணச் செலவு யார் கொடுத்தது? உறவினரைச் சேரப் போகிறாளா, யார் அவர், முகவரி என்ன? அந்தத் தாள்களைப் பார்த்திருக்கிறேன். ஐரிஷ் பெண்களின் வரிசையில் இரண்டு கட்டத்திலும் குமாஸ்தாவின் சாய்ந்த எழுத்தில் மறுபடி மறுபடி ஒரே சொல் வரும்: சகோதரி.

குடியேற வந்தவர்களைப் பதிவு செய்யும் நிலையம் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் 1892 ஜனவரி 1 அன்று திறந்தபோது முதலில் பதிவானவளும் குயின்ஸ்டவுனிலிருந்து வந்த ஐரிஷ் பெண்தான். ஆனி மூர். இரண்டு தம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்பே போயிருந்த அப்பா அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள். கோவ் துறைமுகத்தில் அந்த மூன்று பிள்ளைகளின் சிலை இருக்கிறது.

ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அங்கே தூரம் வேறு அளவு. பஞ்சத்தின் நடுவில், 1848இலிருந்து 1850 வரை, ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழைகள் விடுதிகளிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பெண்களை சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டுக்குக் கப்பலேற்றினார்கள். பாய்மரத்தில் மூன்று, நான்கு மாதம். ஒரு கேள்விக்குப் பதில் வர முக்கால் வருடம். பின்னாளில் நீராவித் தபால் வந்தபோது ஆஸ்திரேலியக் கடிதங்கள் இலங்கையின் காலி துறைமுகத்தில்தான் கப்பல் மாறின. கெர்ரியிலோ கிளேரிலோ ஒருத்தி எழுதிய கடிதப் பை காலிக் கரையில் ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறியிருக்கிறது.

இப்போது ஊரில் தங்கியவள். ஏன் தங்கினாள்? பல காரணம் இருக்கலாம். கடைக்குட்டி என்பதால் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவள்தான் மிச்சம். அல்லது அந்த ஒரு வரதட்சணை அவளுக்கென்று ஒதுங்கியது. அதுவும் அக்கா அனுப்பிய டாலரில் சேர்ந்ததாக இருக்கும். அக்கா கல்யாணமே செய்யாமல் முப்பது வருடம் பிறர் வீட்டில் சமைத்து, அந்தக் காசில் தங்கை மாடு, நிலம் உள்ள ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டிருப்பாள். அப்படி எத்தனையோ குடும்பம். இரண்டு பேரில் யார் யாருக்காக விட்டுக்கொடுத்தது என்று இரண்டு பேராலும் சொல்ல முடியாது.

அல்லது சீட்டு வரவே இல்லை. கெர்ரிக் கரைக்கு எதிரே உள்ள பிளாஸ்கெட் தீவின் கதைசொல்லி பெய்க் சேயர்ஸ், 1873இல் பிறந்தவர், கெர்ரிப் பெண். அவருடைய சிநேகிதி ஒருத்தி அமெரிக்கா போய்ப் பணம் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். போன இடத்தில் கையில் அடிபட்டுச் சம்பாதிக்க முடியாமல் போயிற்று. பணம் வரவில்லை. பெய்க் கல்யாணம் செய்துகொண்டு தீவுக்குப் போனார், வாழ்நாளெல்லாம் கெர்ரியிலேயே இருந்தார். பிற்காலத்தில் அவர் பிள்ளைகள் அமெரிக்கா போனார்கள். அந்தத் தீவு மக்கள் நிறையப் பேர் குடியேறியது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில். மேற்குக் கரையில் ‘அடுத்த பங்கு அமெரிக்கா’ என்று ஒரு பேச்சு உண்டு. நடுவில் வேறு ஊர் கிடையாது, கடல்தான்.

மறுபடி சந்தித்தார்களா? பெரும்பாலும் இல்லை. திரும்பி வந்தவர் மிகச் சிலர். வந்தவளை ஊர் ‘திரும்பி வந்த யாங்க்’, அதாவது அமெரிக்காக்காரி, என்று கூப்பிடும். அட்லாண்டிக் தாண்டிய தொலைபேசி 1927இல் வந்தபோது மூன்று நிமிடத்துக்கு 75 டாலர். அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் விமானம் அங்குள்ள ஷானன் விமான நிலையத்திலிருந்து நியூயார்க்குக்குப் பறந்தது 1958இல். 1920களில் போன சகோதரிகளுக்கு அது எட்டியது. முப்பது வருடம் கழித்து ஷானனில் இறங்கி, யார் நம் தங்கை என்று தேடியவர்கள் உண்டு. 1865இல் பிறந்த உங்கள் ஆளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவள் கடைசியாகப் பார்த்த தங்கை முச்சந்தியில் நின்ற சிறுமிதான்.

எழுத உட்காரும் முன் இரண்டு தாள்களைத் தேடிப் பாருங்கள், இரண்டும் இணையத்தில் கிடைக்கும். ஒன்று, அமெரிக்காவின் 1900 ஜூன் கணக்கெடுப்பு. பாஸ்டனில் வசதியான ஒரு தெருவை எடுங்கள். வீட்டுக்காரர், மனைவி, பிள்ளைகள் பெயர்களுக்குக் கீழே, கடைசி வரியில் வேறு குடும்பப் பெயரில் ஒருத்தி இருப்பாள். வேலைக்காரி, பிறந்த நாடு அயர்லாந்து, எந்த வருடம் வந்தாள் என்பதற்கு ஒரு கட்டம், படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா என்பதற்கு இரண்டு கட்டம். இன்னொன்று, அயர்லாந்தின் 1901 மார்ச் 31 கணக்கெடுப்பு. கெர்ரியில் ஒரு கிராமத்தை எடுங்கள். அப்பா, ‘படிக்கத் தெரியாது’, ஐரிஷ். அம்மா, ‘படிக்கத் தெரியாது’, ஐரிஷ். மகள், ‘எழுதப் படிக்கத் தெரியும்’, ஐரிஷும் ஆங்கிலமும். அன்று இரவு அந்த வீட்டில் படுத்திருந்தவர்களை மட்டும்தான் அந்தப் படிவத்தில் எழுதினார்கள்.